இன்னொருத்தியின் பெயரில் உழைத்த காசு

மகள்,

நேற்று நீ தொலைபேசியில் நியமனம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தில் பொய் இல்லை. கொழும்பில், கடவுச்சீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசையில் வேலை, திங்கட்கிழமை போய்ப் பொறுப்பெடுக்க வேண்டும் என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆராவது அடுத்தவங்கட பேரில பேப்பர் கொண்டு வந்தா நேரா பொலிசுக்குத்தான் அம்மா" என்றாய். நான் லைன் இரைகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்த மேசையில் நீ உட்காரும் முன் உனக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டது, அதை வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. நீ மாமி என்று கூப்பிடுகிற காத்தான்குடி பரீதாவும் நானும் ஒரு காலத்தில் கோர்ட்டில் ஒருத்திக்கொருத்தி எதிராக நின்றவர்கள். அதற்குக் காரணம் ஒரு கடவுச்சீட்டு.

உன் அப்பா இல்லாமல் போனபோது உனக்கு இரண்டு வயது. வெல்லாவெளிப் பக்கத்து வயல்வட்டைக்கு நெல் சூடடிக்கப் போனவர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டார், அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் யாருமில்லை. அவரைத் தேடி நான் ஏறாத முகாம் வாசல் இல்லை. அதே காலத்தில்தான் என் தம்பி ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போனான். ஆகவே எனக்கு அடையாள அட்டை எடுக்கவும் வழியில்லை, பொலிஸ் அறிக்கை எடுக்கவும் வழியில்லை. அறிக்கை கேட்டுப் போனால் கேள்வி தம்பியைப் பற்றித்தான் வரும். கையில் ஒரு குழந்தை, சொந்தமாக ஒரு வயல் துண்டுமில்லை. ஊரில் பெண்கள் பலர் குவைத்துக்கும் சவூதிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் போக நினைத்தேன். ஏஜென்சிக்காரர் ஒருவர் வழி சொன்னார். காத்தான்குடியில் ஒரு பெண் போவதற்கு எல்லா ஆயத்தமும் செய்துவிட்டு, வயிற்றில் பிள்ளை தங்கியதால் நின்றுவிட்டாளாம். அவளுடைய பெயரில், என் படத்தை ஒட்டி, கடவுச்சீட்டு எடுக்கலாம் என்றார்.

அந்தப் பெண்தான் பரீதா. அவளுடைய வீட்டில் வைத்து ஒரு முத்திரைத் தாளில் எழுதினோம். நான் அவளுடைய பெயரில் போவது, சம்பளம் அவளுடைய பெயரில் வங்கிக்கு வருவது, நாலில் ஒரு பங்கு அவளுக்கு, மிச்சத்தை நான் வரும்வரை அவள் வைத்திருப்பது. அவள் தன் பெயரை எழுதினாள், நான் என் பெயரை எழுதினேன். நான் புறப்படும்வரை என்னைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தாள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளு எடுக்கவும், தொழவும், தலையை மூடவும் பழக்கினாள். ஓதும்போது நான் பிழைவிட்டால் சிரிக்கமாட்டாள், மறுபடி மெல்லச் சொல்லித்தருவாள். "பரீதா எண்டு கூப்பிட்டா உடனே கிறுகிப் பாக்கணும் கா. நீ ஆரையோ கூப்பிடுறாங்க எண்டு நிக்காத" என்பாள். நான் அடுக்களையில் இருக்கும்போது திடீரென்று தன் பெயரையே சத்தமாகக் கூப்பிட்டு என்னைச் சோதிப்பாள். நான் திரும்பினால், "ஆ, இப்ப சரி" என்று ஒரு துண்டு தொதல் வெட்டித் தருவாள். நான் போகிற அன்று அவள் அழுதாள். உன்னை உன் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போன எனக்கு அழுகை வரவில்லை, அது விமானத்தில்தான் வந்தது.

குவைத்தில் நான் இருந்த வருடங்களை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டுக்காரி கெட்டவள் இல்லை, வேலைதான் அதிகம். நோன்பு பிடித்தேன், பெருநாள் கொண்டாடினேன், என் சொந்தப் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், கனவிலே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், நான் திரும்பவில்லை. எழும்பிய பிறகு அதை நினைத்துப் பயந்தேன். உன் பெரியம்மா ஆள் மூலமாக அனுப்பும் கடிதங்களில் நீ வளர்ந்தாய். செலவுக்கு பரீதா உரிய நேரத்தில் காசு கொடுப்பதாக அவற்றில் இருந்தது, எனக்கு நிம்மதி. வந்ததும் ஒரு வீடு, கொஞ்சம் வயல், உனக்குப் பள்ளிக்கூடம் என்று மனதுக்குள் எல்லாவற்றையும் கட்டி முடித்திருந்தேன்.

திரும்பி வந்தபோது விமான நிலையத்திலேயே ஏஜென்சி ஆள் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டான். நான் நேரே காத்தான்குடிக்குப் போனேன். பரீதா என்னைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேத்தண்ணி தந்தாள், தந்துவிட்டு அழுதாள். அவளுடைய புருஷன் என் காசை எடுத்துப் புடவைக்கடை போட்டிருந்தார். பட்டணத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குழப்பம் நடந்த ஒரு வாரத்தில் அந்தக் கடை எரிந்துபோயிற்று. தீ வைத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. என் தம்பி எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அன்றும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான்தான் கோபத்தில் கத்தினேன். "கடைக்கு என்னட்டக் கேட்டா காசு போட்ட?" என்றேன். உள்ளேயிருந்து அவளுடைய புருஷன் வந்தார். "என்ன காசு? ஆர்ட காசு? பேங்க் புத்தகத்தில ஆர்ட பேரு இரிக்கி எண்டு பாத்திட்டுக் கதைங்க" என்றார். பரீதா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த நாளே முத்திரைத் தாளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு மட்டக்களப்புக்குப் போய் வயதான ஒரு சட்டத்தரணியைக் கண்டேன்.

அவர் தாளை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, இத நீதிபதிக்கு முன்னால வச்சா அவர் முதல்ல கேக்கப் போறது காசப் பத்தி இல்ல. பாஸ்போட்டப் பத்தி" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு பேரும் சட்டத்த மீறுறதுக்கெண்டே செய்த ஒப்பந்தம் இது. இப்படியான ஒண்ட நிறைவேத்தித் தாங்க எண்டு கோர்ட்டக் கேக்க ஒண்ணா. உங்களுக்கு இரக்கம் காட்டித் தீர்ப்புத் தந்தா, நாளைக்கு எல்லாரும் அடுத்தவன்ட பேரில போகத் துணிவாங்க. ஊருக்குப் பொதுவான நன்மையப் பாத்துத்தான் சட்டம் கைய விரிக்கிற. பொதுக் கொள்கை எண்டு அதுக்குப் பேரு." நான் கேட்டேன், "அப்ப காச வச்சிருக்கிற ஆளுக்கு லாபமா ஐயா? அவவும்தானே சட்டத்த மீறின?" "ஓம். அந்த அநியாயம் இதில இரிக்கி. சட்டத்துக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் விட்டுட்டு இரிக்கி" என்றார். என்னிடம் காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். மகள், அவர் சொன்னது முழுவதும் சரி என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அது எனக்கு ஏறவில்லை. நான் இன்னொருவரிடம் போனேன். அவர் இளம் ஆள், உற்சாகமானவர். முத்திரைத் தாளை வெளியே எடுக்கவே கூடாது என்றார். நான் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த காசை பரீதா திருப்பித் தரவில்லை என்று மட்டும் வழக்கு வைத்தார்.

எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி அவரைவிடக் கெட்டிக்காரர். குவைத்துக்குப் போனதே தன் கட்சிக்காரிதான், உழைத்ததும் அவர்தான், வழக்காளி இந்த நாட்டை விட்டு வெளியே போனதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை என்று பதில் போட்டார். அதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியாது. வங்கிப் புத்தகத்தில் பரீதா, வேலை ஒப்பந்தத்தில் பரீதா, அனுப்பிய காசோலைகளில் பரீதா. அவள் கூண்டில் ஏறி "ஓம், நான்தான் போனன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் உழைத்த வருடங்கள் முழுவதும் சட்டப்படி அவளுடையதாகிவிடும்.

விசாரணை நாளில் நான் முன்வரிசையில் இருந்தேன். அவள் பிறகு பிறந்த கைக்குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுக் கூண்டில் ஏறி, அல்லாஹ்வின் பேரில் சத்தியம் செய்தாள். அவளுடைய சட்டத்தரணி கேட்டார், "குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தது நீங்கள்தானே?" அவள் முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்தாள். பின்னால் அவளுடைய புருஷன் செருமினார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். நடுத்தர வயது, மெலிந்த மனிதர், தணிந்த குரல். "பயப்படாமல் சொல்லுங்கள். அங்கே என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். பரீதா என்னைப் பார்த்தாள். நான் ஊர் வந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியா, சேர்" என்றாள். "என்ன வேலை செஞ்ச எண்டு அவட்டத்தான் கேக்கணும். அவதான் போன. என்ட பேரில போன. நான் வீட்டில இருந்தன்." சட்டத்தரணி எழும்பினார், நீதிபதி அவரைக் கையால் அமர்த்தினார். பரீதா அழவில்லை. குரல் மட்டும் உயர்ந்தது. "காசும் அவட காசுதான். நாலில ஒண்டுதான் எனக்கு. ஆனா இப்ப குடுக்க எனக்கிட்ட இல்ல. கட எரிஞ்சு போச்சு."

என் சட்டத்தரணி தலையில் கையை வைத்தார், ஏனென்றால் அவள் உண்மை சொன்னதால் வழக்கு எனக்கு வெல்லவில்லை, முழுதாகத் தோற்றுப்போயிற்று. நீதிபதி என்னையும் கூண்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பில் முடிந்திருந்த முத்திரைத் தாளை அவிழ்த்துக் கொடுத்தேன்.

தீர்ப்பு இன்னொரு தவணையில் வந்தது. நீதிபதி அதைத் தமிழில் மெதுவாக வாசித்தார். முதலில் என் தகப்பன் வைத்த முழுப்பெயரைச் சொன்னார். இந்தப் பெயருடைய வழக்காளி குவைத்தில் ஒரு வீட்டில் இத்தனை வருடம் பணிப்பெண்ணாக உழைத்தார் என்பதிலும், அந்தக் காசு அவருடைய உழைப்பால் வந்தது என்பதிலும் தனக்குச் சந்தேகமில்லை என்றார். அதன் பிறகுதான், கடவுச்சீட்டு மோசடியில் நிற்கிற ஒப்பந்தத்துக்கு எந்த நீதிமன்றமும் கைகொடுக்க முடியாது, கொடுத்தால் அது பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று வழக்கைத் தள்ளினார். எதிராளி தன் மனச்சாட்சிப்படி எதையாவது கொடுக்க விரும்பினால் இந்தத் தீர்ப்பு அதைத் தடுக்காது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். கோப்பை விசாரணைக்கு அனுப்பினார். அவர் என்னை விடவுமில்லை, அவமதிக்கவுமில்லை. நான் அங்கே நின்று அழுதேன். தோற்றதற்காக அழுகிறேன் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். அத்தனை வருடங்களுக்குப் பிறகு ஒரு பெரிய மனிதர், சபையில், என் பெயரையும் என் உழைப்பையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார் என்பதற்காகத்தான் அழுதேன்.

பிறகு நீதவான் நீதிமன்றத்தில் இரண்டு பேரும் குற்றவாளிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நாங்களாகவே ஒப்புக்கொண்டோம் என்பதால் தண்டமும் ஒத்திவைத்த சிறையும்தான் கிடைத்தன. ஏஜென்சிக்காரர் ஊரில் இல்லை. வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் கல்முனை பஸ்தான். அவள் காத்தான்குடியில் இறங்க வேண்டும், நான் குருமண்வெளியில் இறங்கித் தோணியில் மண்டூருக்குப் போக வேண்டும். ஒரு இருக்கைதான் இருந்தது. இரண்டு பேரும் நெருங்கி உட்கார்ந்தோம். பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டியது.

"ஏன் சொன்ன?" என்று நான்தான் கேட்டேன்.

"பொய் சொல்லத்தான் கா வந்தன். 'ஓம், நான்தான்' எண்டு வாய்க்குள்ள வச்சிருந்தன். அந்த ஐயா என்ன வேலை எண்டு கேட்டாரு. ஒரு வேலையும் எனக்குத் தெரியல்ல. நீ பட்ட பாட்ட நான் பட்டதாச் சத்தியம் பண்ணிட்டு எப்பிடிக் கதைக்கிற?" என்றாள். பிறகு, "அண்டைக்குக் கோர்ட்டால வந்து அவரு மூணு நாள் சோறு திங்கல்ல. கோவம்" என்றாள். புருஷனைச் சொன்னாள். "நீ?" என்றேன். "நான் திண்டன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

இறங்கும் இடம் வர முன் அவள் சொன்னாள், "காசு இல்ல கா. தறி இரிக்கி. சேலை நெய்வன். உங்கட பக்கத்து ஊருகளுக்கு எங்கட ஆக்கள் இப்ப வர ஒண்ணா. நீ கொண்டு வித்துக்க. நூல் காச மட்டும் எனக்குத் தா. மிச்சம் உன்ட கணக்கில கழியட்டும். எழுதித் தரட்டா?"

"வேணா. எழுதி வச்சு என்னத்தக் கண்டம்?" என்றேன்.

அப்படித்தான் நான் சேலைக்காரி ஆனேன். தோளில் கட்டோடு, வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களில் நடந்தேன். உன் சப்பாத்தும் புத்தகமும் அந்தச் சேலைகளிலிருந்து வந்தவை. வியாபாரம் பிடித்துக்கொண்ட சமயத்தில்தான் தோணித்துறைக்குப் பக்கத்துச் சோதனைச்சாவடியில் என்னைப் பிடித்தார்கள். யாரோ என் தம்பியைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். நான் பல வருடம் ஊரில் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மொழிபெயர்க்கிற ஆள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டான். "இவ்வளவு காலமும் எங்க இருந்த? இயக்கத்தோட காட்டிலயா?" குவைத்தில் என்றேன். "பாஸ்போட் எங்க?" என் பெயரில் ஒரு கடவுச்சீட்டு இந்த உலகத்திலேயே இருந்ததில்லை. என்ன சொன்னாலும் பொய்யாகவே கேட்டது. என்னை முகாமில் வைத்துக்கொண்டார்கள். உன் அப்பாவைத் தேடிப் போன அதே மாதிரி வாசல். உன்னை நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன்.

சொன்ன நாளில் நான் சேலைக்கு வரவில்லை என்றதும் பரீதா விசாரித்திருக்கிறாள். கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பின் பிரதியை எடுத்து, அந்த வயதான சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு முகாமுக்கு வந்தாள். எங்கள் இரு சமூகத்துக்கும் நடுவில் பேச்சே நின்றிருந்த காலம் அது. அவளுடைய ஆட்களே போகாதே என்று மறித்திருக்கிறார்கள். அதிகாரிக்கு முன்னால் நின்று, "இவ காட்டில இருக்கல்ல. குவைத்தில இருந்தவ. என்ட பேரில போனவ. அதுக்கு நாங்க ரெண்டு பேரும் தண்டம் கட்டின" என்று தன் குற்றத்தை மறுபடியும் தன் வாயாலேயே சொன்னாள். சட்டத்தரணி நீதிபதியின் வரிகளைக் காட்டினார். நான் தோற்ற வழக்கு, நான் எங்கே இருந்தேன் என்பதற்கு இந்த நாட்டில் இருந்த ஒரே சாட்சி. பின்னேரம் என்னை விட்டார்கள்.

மகள், இதையெல்லாம் படித்துவிட்டு உன் மேசைக்கு வருகிற பொய்க் கடதாசிகளைக் கண்டும் காணாமல் விட்டுவிடு என்று நான் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. அப்படிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. இன்னொருத்தியின் பெயரில் போகிறவள் அங்கே செத்தால் எந்தப் பெயரில் புதைப்பார்கள் என்று குவைத்தில் நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். வழியை மறிக்கிற சட்டம் எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றவும்தான் மறிக்கிறது. நீ மறிக்க வேண்டியதை மறி. ஆனால் முன்னால் நிற்கிறவள் ஏன் வந்தாள் என்று ஒரு தரம் கேள். அவளுக்கு நேரான வழி எது என்று தெரிந்தால் சொல்லிக்கொடு. எனக்கு அன்றைக்கு அதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், தம்பியைப் பற்றிய கேள்விக்குப் பயந்து நான் அந்த ஏஜென்சிக்காரரிடம் போயிருக்கமாட்டேன். போயிருந்தாலும் போயிருப்பேன், எனக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. நீ என் மேல் கோபப்பட்டால் படு. வெட்கப்பட்டாலும் படு. அதைச் சொல்லாமல் மட்டும் இருக்காதே.

கடைசியாக ஒன்று. நீ உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம், வழக்கம்போலச் சேலைக் கட்டை எடுக்க காத்தான்குடிக்குப் போயிருந்தேன். பரீதா தறியை விட்டு எழும்பாமலே, "உன்ட காசு கழிஞ்சு முடிஞ்சு ரெண்டு வருசத்துக்கு மேல ஆகுது. தெரியுமா கா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"நீயும்தானே சொல்லல்ல" என்றேன். அவள் நூலை அறுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, அந்தச் சேலையையும் மடித்துக் கட்டோடு வைத்தாள். நான் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அடுத்த கிழமை வாறன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

உன் அம்மா